என் குறிப்புகள் தெரிகிற எடிட்டர்

தீர யோசித்து எடுத்த முடிவுகள் எப்போதும் என் காலை வாரியிருக்கின்றன. கல்யாணத்தை ஐந்து நிமிடத்தில் முடிவு செய்தேன். இருபது வருடமாகப் பெரிய சேதம் எதுவும் இல்லை. வெப்சைட் வேலைக்கு ஓர் எடிட்டரைத் தேர்ந்தெடுக்கப் பதினோரு நாள் எடுத்துக்கொண்டேன். அது பன்னிரண்டாம் நாளே என் வேலைக்கு உலை வைத்தது.

வேலை திருப்பதியில். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சூட்கேஸ் கடை, அதன் மாடியில் நாங்கள் மூன்று பேர். முதலாளி குண்டூர்க்காரர். மிளகாய் வியாபாரக் குடும்பம். ஊரெல்லாம் கம்ப்யூட்டர் என்று ஹைதராபாத்துக்கு ஓடிக்கொண்டிருந்த காலத்தில், பெருமாளை நம்பித் திருப்பதியில் கம்ப்யூட்டர் போட்டவர். இரண்டாவது, சித்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோன ஒரு பெண். எங்களில் வேலை தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மூன்றாவது நான்.

அதற்கு முன் நான் கம்ப்யூட்டர் வாத்தியாராக இருந்தேன். ஆறு மாத டிப்ளமா. படித்துத் தேறியவர்கள் பெங்களூருக்குப் போனார்கள். தேறாதவர்கள் சென்னைக்குப் போனார்கள். பயிற்சி நிலையத்தை நடத்தியவர் துபாய்க்குப் போனார். கடைசியில் வாத்தியார் மட்டும் மிச்சமானார். படித்த புத்தகங்களை அடுக்கினால் என் உயரத்துக்கு வரும் என்ற ஒரே தகுதியோடு சூட்கேஸ் கடை மாடி ஏறினேன். சித்தூர்ப் பெண்ணுக்கு எடுபிடியாக முதலாளி என்னைச் சேர்த்துக்கொண்டார்.

ஒரு வருடம் இப்படிப் போயிற்று. பிறகு அவளுக்கும் அமெரிக்க மாப்பிள்ளை நிச்சயமானது. அந்த வருடங்களில் சித்தூர் மாவட்டத்தில் பெண்ணைக் கொடுத்தார்கள் என்றால் எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை, எந்த ஸ்டேட் என்று கேட்பார்கள். அவள் கிளம்ப ஒரு மாதம் இருந்தபோது முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவர் பேசுவதெல்லாம் தெலுங்கு. நான் தமிழில் தருகிறேன், காரத்தை வாசகர்கள் தாங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

"ஏமய்யா, அந்த லாட்ஜ் சைட் உன் பொறுப்பு. ஓனருக்குப் பிடித்துவிட்டால் அந்தப் பெண்ணின் நாற்காலி உனக்கு. பிடிக்கவில்லை என்றால் ஹைதராபாத்திலிருந்து ஒரு பையனை வரவழைப்பேன். உன் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இருக்காது."

கோபம் இல்லாமல் அனுப்பிவிடுவார் என்பது புரிந்தது. அனுப்பினால் எங்கே போவேன் என்பதும் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. சத்தியவேடு பக்கம் அப்போதுதான் வயல்களுக்கு நடுவே தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்தன. என் மனைவியின் அண்ணன் அதில் ஒன்றில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். வாரம் தவறாமல் போன் செய்வார்.

"இன்னா மாப்ள, பொட்டி தட்டிக்கினே கீறியா?"

"ஆமா மச்சான்."

"இங்க கேட்ல ஆள் வோணும்றான். வர்ற லாரி நம்பர எழுதணும், வண்டி வந்தா கேட்டத் தொறக்கணும், அவ்ளோதான். நெழல்ல நாற்காலி போட்டுக் குடுக்கறான். நான் சொன்னா எடுத்துக்குவான்."

"யோசிச்சு சொல்றேன் மச்சான்."

"இதுல இன்னா யோசன கீது? என் கீழதான வேல. நான் பாத்துக்கறேன்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை இணையத் துறையில் உறுதியாக நிறுத்தி வைத்திருந்தது. உலகத்தில் யார் கீழே வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து நம் தட்டில் இருக்கும் வடையை எடுத்துத் துன்னுகிற மனிதனுக்குக் காலையில் சல்யூட் அடிக்க முடியாது. மனைவியிடம் சொன்னேன். "எங்கண்ணன் நல்லதுதான சொல்லுது. நீல சட்டை உனக்கு எடுப்பா இருக்கும்" என்றாள். என் பக்கம் ஆள் இல்லை.

ஆகவே லாட்ஜ் சைட். லாட்ஜ் திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்தது. அதே ஓனருக்குச் சித்தூரில் ஒரு கல்யாண மண்டபமும் உண்டு. அவரை நான் ஒரே ஒரு முறை பார்த்திருந்தேன். வந்தார், முதலாளியோடு தெலுங்கில் பேசினார், தன் போட்டோவைக் கொடுத்தார், போய்விட்டார். மனிதரை விட்டுவிட்டு மீசை மட்டும் கொஞ்ச நேரம் அறையில் இருந்ததுபோல ஞாபகம். சைட் மூன்று மொழியில் வேண்டும் என்றிருந்தார்: தெலுங்கு, தமிழ், இங்கிலீஷ்.

இங்கே டெம்ப்ளேட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் மேலே பிள்ளையார், கீழே 'தங்கள் நல்வரவை விரும்பும்' எல்லாம் தயாராக இருக்கும். பெண், மாப்பிள்ளை பெயர் மட்டும் மாறும். அதுதான் டெம்ப்ளேட். எங்கள் சைட்டுகளுக்கும் அப்படி ஓர் அச்சு உண்டு. அதைத் திருத்த பிரௌசரிலேயே ஒரு பெட்டி கொடுத்திருந்தார்கள். பெட்டி ரேஷன் கார்டு அளவு. முந்நூறு வரி டெம்ப்ளேட்டை அதற்குள் ஏழெட்டு வரியாகப் பார்க்க வேண்டும். சாவித் துவாரம் வழியாகத் தேரோட்டம் பார்க்கிற மாதிரி. நடுவே கரண்ட் போனால் அதுவரை எழுதியது போச்சு. திருப்பதியில் அப்போது கரண்ட் போவது ஒரு செய்தியே இல்லை. முறை வைத்துப் போகும். இங்கே போகிற நேரத்தில் சித்தூரில் வரும், அங்கே போனால் இங்கே வரும்.

ஒருநாள் நான் மூன்றாம் முறையாக ஒரே பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தபோது சித்தூர்ப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"ண்ணா, இன்னுமா அந்தப் பொட்டிக்குள்ளயே எழுதிக்கினு கீற? செட்டிங்ஸ்ல போ. வெளி எடிட்டர்னு ஒரு எடம் இருக்கும். உனக்குப் புடிச்ச எடிட்டர் எங்க இருக்குதுன்னு அதுல எழுதிடு. ஃபைல் அதுல தொறக்கும். சேவ் பண்ணா தானா சைட்டுக்குப் போயிடும்."

போனேன். ஒரு காலிக் கட்டம் இருந்தது. 'உங்களுக்குப் பிடித்த எடிட்டர்' என்று பக்கத்தில் போட்டிருந்தது. என் விருப்பத்தை யாரும் அதற்கு முன் கேட்டதில்லை என்பதால் சற்று உணர்ச்சிவசப்பட்டேன். பதினோரு நாள் அங்கேதான் ஆரம்பம்.

முதலில் முதலாளி. "கம்ப்யூட்டரோடு சும்மா வருகிறதே, அதையே வைத்துக்கொள். எதற்கு அலைகிறாய்?" அந்தச் சும்மா எடிட்டரைத் திறந்தேன். சைட்டிலிருந்து வந்த முந்நூறு வரியையும் ஒட்டி ஒரே வரியாக்கிக் காட்டியது. செய்ததை ஒரே ஒரு முறை திரும்பப் பெறலாம். வாழ்க்கையில் அதுகூடக் கிடையாது என்றாலும் எனக்குப் போதவில்லை. தவிர, முதலாளி சொன்னது என்பதே அதை நிராகரிக்கப் போதுமான காரணமாக இருந்தது.

அடுத்து, சித்தூர்ப் பெண் பயன்படுத்தியது. அருமையான எடிட்டர். வரிக்கு நம்பர் போடும். கட்டளைகளை நீலத்தில் காட்டும், குறிப்புகளைப் பச்சையில் காட்டும். திறக்கச் சொன்னால் அந்தக் கணமே திறக்கும். ஒரே ஒரு குறை. அந்தக் குறையைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் ஊர்ப்பக்கத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நான் வரதய்யபாளையம் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. தமிழ் எழுத்தை நான் சென்னை பஸ்ஸின் பெயர்ப்பலகையிலும் பிறகு வாரப் பத்திரிகைகளிலும் நானாகக் கற்றுக்கொண்டேன். வாசிக்கச் சொன்னால் மூச்சு விடாமல் வாசிப்பேன். எழுதச் சொன்னால் அப்போதெல்லாம் கை நொண்டும். அவசரத்துக்குக் கை ஓடுவது தெலுங்கு எழுத்தில்தான். எங்கள் பக்கத்தில் இது சகஜம். மளிகைச் சீட்டு, உரம் வாங்கும் சீட்டு, பள்ளிக்கூடத்தில் பின் பெஞ்சுக்குப் போகும் துண்டுச் சீட்டு எல்லாம் பேச்சு தமிழ், எழுத்து தெலுங்கு. என் நைனா பம்ப்செட் கதவில் சாக்பீஸால் 'மோட்டார் தொட்டா ஷாக் அடிக்கும்' என்று அப்படித்தான் எழுதி வைத்திருந்தார். மெட்ராஸ்காரனால் எழுத்தைப் படிக்க முடியாது. குண்டூர்க்காரனால் படிக்க முடியும், புரியாது. இரண்டு பேருக்கும் ஷாக் அடிக்கும்.

சித்தூர்ப் பெண்ணுக்கும் இதே படிப்புதான். ஆகவே டெம்ப்ளேட்டில் ஒருவருக்கொருவர் குறிப்பு எழுத எங்களுக்கு ஒரு ரகசிய மொழி கிடைத்தது. குறிப்பு என்பது, ஒரு வளைந்த அடைப்பும் ஒரு நட்சத்திரமும் போட்டு உள்ளே எழுதி, மறுபடி நட்சத்திரமும் அடைப்பும் போட்டு மூடுவது. அடைப்பும் நட்சத்திரமும் ஒட்டி இருக்கிற வரை சைட்டைப் பார்க்கிறவர் கண்ணுக்கு அது தெரியாது. 'இதைத் தொடாதே', 'இதைத் திருத்தியாச்சு' என்று வேலையாகத்தான் ஆரம்பித்தோம். பிறகு கொஞ்சம் வம்பும் சேர்ந்தது. முதலாளிக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் மொளகா.

ஒருநாள் அவர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, திரையில் தெரிந்த வரியை எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார்.

"மொ-ள-கா பின்-னா-டி நிக்-குது. வேல செய்-யற மாதிரி நடி. இதி ஏமிட்டய்யா?"

சித்தூர்ப் பெண் மேஜைக்குக் கீழே எதையோ தேடக் குனிந்துவிட்டாள். அவள் தோள் குலுங்கியது.

"டெக்னிக்கல் இன்ஸ்ட்ரக்‌ஷன் சார்" என்றேன்.

"நல்லது. எல்லாவற்றையும் இப்படி எழுதி வைக்க வேண்டும்" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

சித்தூர்ப் பெண்ணின் எடிட்டருக்கு இருந்த குறை இதுதான்: அது தெலுங்கு எழுத்தைக் காட்டாது. எழுத்துக்குப் பதில் சின்னச் சின்னக் கட்டங்கள் வரும். குறிப்பைப் படிக்கவோ எழுதவோ அவளும் அந்த பிரௌசர் பெட்டிக்குத்தான் வருவாள். அவள் கவலைப்படவில்லை; அமெரிக்கா போகிறவளுக்குப் பழைய வம்பு எதற்கு? எனக்கோ மனசு ஒப்பவில்லை. என் குறிப்புகளில் சில, அடக்கமாகச் சொன்னாலும், இலக்கியத் தரம் உள்ளவை. அவை கட்டங்களாகத் தெரிவதை ஒரு வாசகனாக என்னால் சகிக்க முடியவில்லை.

"வேற பாக்கறேன்" என்றேன்.

"ண்ணா, மாடு வாங்கறவன் பல்லப் பாப்பான். நீ கொம்புக்குக் கலர் அடிச்சிக் கீதான்னு பாத்துக்கினு கீற. இன்னும் பத்து நாள்தான் நான் இருப்பேன். அப்பறம் இதெல்லாம் சொல்ல ஆள் இருக்காது."

அதற்குப் பிறகும் நான் பலபேரைக் கேட்டேன். பழைய மாணவன் ஒருவன் பெங்களூரிலிருந்து மலைக்கு மொட்டை போட வந்திருந்தான். சந்தனம் பூசிய தலையோடு ஆபீசுக்கு வந்து, மேஜையில் லட்டுப் பிரசாதத்தையும் ஒரு சிடியையும் வைத்தான். "சார், எங்க கம்பெனியில இதான். எல்லா மொழியும் தெரியும். முப்பது நாள் டிரையல்." நானும் முப்பது நாள் டிரையலில்தான் இருந்தேன். அப்போதே ஒரு பந்தம் ஏற்பட்டுவிட்டது.

அது திறப்பதற்குள் கீழே போய் டீ குடித்து, சூட்கேஸ் கடைக்காரரோடு அரசியல் பேசிவிட்டு வரலாம். ஆனால் திறந்துவிட்டால் ராஜ தர்பார். தெலுங்கு தெரிந்தது, தமிழ் தெரிந்தது. நான் திறந்து வைத்த அடைப்பை அதுவே மூடியது, நல்ல குடும்பத்தில் வளர்ந்ததுபோல. செட்டிங்ஸில் நூறு விருப்பங்கள். அதில் ஒன்று: 'சேவ் செய்யும்போது அழகுபடுத்தவும்'. அழகை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? டிக் அடித்தேன். காலிக் கட்டத்தில் அதன் இருப்பிடத்தை எழுதினேன். பதினோராம் நாள் முடிந்தது.

மறுநாள் மாலை, லாட்ஜ் பக்கத்தின் டெம்ப்ளேட்டை அதில் திறந்து, கடைசித் திருத்தம் செய்து, சேவ் அடித்தேன். 'அனுப்பியாயிற்று' என்று வந்தது. முதலாளி உடனே சித்தூருக்குப் போன் செய்து, "சைட் வந்துவிட்டது, பாருங்கள்" என்றார். நானும் பார்க்கலாம் என்று பிரௌசரைத் திறந்தேன். கரண்ட் போனது. யூபிஎஸ் இரண்டு முறை முனகிவிட்டு அடங்கியது. அதில் முதலாளியின் மேஜை விசிறியும் ஓடிக்கொண்டிருந்தது. சரி, பார்க்க என்ன இருக்கிறது என்று டீ குடிக்கப் போனோம். திருப்பதியில் கரண்ட் இல்லை என்றால் சித்தூரில் இருக்கிறது என்று பொருள். அந்த எளிய கணக்கு அப்போது எனக்குத் தோன்றவில்லை.

டீக்கடையிலேயே முதலாளிக்குப் போன் வந்தது. கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது.

"லாட்ஜ் ஓனர். சைட்டை முழுக்கப் படித்தாராம். நாளைக்கு நம்மைச் சித்தூருக்கு வரச் சொல்கிறார். எழுதினவரை அவசியம் கூட்டி வா என்கிறார். அவசியம் என்று இரண்டு முறை சொன்னார்."

முதலாளி எனக்கு இன்னொரு டீ சொன்னார். ஒரு வருடத்தில் அதுதான் முதல் முறை.

கரண்ட் வந்ததும் ஆபீசுக்குப் போய்ப் பக்கத்தைத் திறந்தேன். முதலாளி கீழேயே நின்று யாருக்கோ பெருமையாகப் போன் பேசிக்கொண்டிருந்தார். என் எடிட்டர் ஃபைலை அழகுபடுத்தியிருந்தது. அழகுக்கு இடைவெளி வேண்டும் என்று, அடைப்புக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி விட்டிருந்தது. ஒவ்வொரு குறிப்பிலும். ஆகவே ஒவ்வொரு குறிப்பும், மறைந்திருந்தது போதும் என்று, பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. ஓனர் போட்டோவுக்குக் கீழே, தெலுங்கு எழுத்தில், என் தமிழ்:

'ஓனர் போட்டோ இங்க. மீசை பொட்டிக்கு வெளிய போவுது. ஒண்ணு மீசையக் கொறைக்கணும், இல்ல பொட்டியப் பெருசாக்கணும்.'

'இருபத்துநாலு மணி நேரமும் சுடுதண்ணி' என்று அழகான தமிழில் இருந்த வரிக்குக் கீழே: 'இது பொய். நேர்ல போய்ப் பாத்துட்டேன். காலைல அஞ்சுல இருந்து ஆறு. அதுவும் சண்ட போட்டாதான்.'

'அறையிலிருந்து ஏழுமலை தரிசனம்' என்பதற்குக் கீழே: 'தெரியும். மொட்டமாடி தண்ணித் தொட்டி மேல ஏறினா.'

சித்தூர்ப் பெண் என் பின்னால் வந்து நின்று, மூன்றையும் நிதானமாகப் படித்தாள்.

"ண்ணா, தொட்டி மேல நெஜமாவே ஏறினியா?"

"ஏறினேன்."

"தெரிஞ்சிதா?"

"பாதி."

சிரிக்காமல் உட்கார்ந்து, அவளுடைய எடிட்டரில் ஃபைலைத் திறந்து, இரண்டு நிமிடத்தில் எல்லாக் குறிப்பையும் நீக்கினாள். "பயப்படாத. ஓனர் தெலுங்குக்காரர். மொளகா மாதிரி எழுத்துக் கூட்டிப் படிச்சிருப்பாரு, ஒண்ணும் புரிஞ்சிருக்காது" என்றாள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ஆனால் புரியாத ஒன்றை எழுதினவனை 'அவசியம்' என்று எதற்குக் கூப்பிடுகிறார்? அன்று மச்சான் போன் செய்தபோது, கேட்டில் போடுகிற நாற்காலிக்குக் கை உண்டா என்று விசாரித்து வைத்தேன்.

மறுநாள் காலை சித்தூர் பஸ். ஜன்னலோரம் முதலாளி. அவர் மடியில் ஓனருக்காக வாங்கிய மைசூர்பாகு டப்பா. சந்திரகிரியில் பஸ் நின்றபோது கோட்டை தெரிந்தது. தோற்றுப்போன ராஜ்யம் ஒன்று தலைநகரை மாற்றி மாற்றிக் கடைசியில் வந்து உட்கார்ந்த இடம். எடிட்டரை மாற்றி மாற்றி வந்தவனுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். முதலாளி, நாற்காலி எனக்கு வந்ததும் எந்த மேஜையை எங்கே நகர்த்தலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மண்டபத்தில் கல்யாணம் ஏதும் இல்லை. முந்நூறு நாற்காலி அடுக்கி வைத்திருந்த ஹாலைக் கடந்து ஆபீஸ் அறைக்குப் போனோம். ஓனர் எழுந்து முதலாளியை வரவேற்றார், மைசூர்பாகை வாங்கிக்கொண்டார். மேஜையின் மேல் எங்கள் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார். மூன்று குறிப்புகளுக்கும் சிவப்பு மையில் அடிக்கோடு. பிரிண்ட் எடுக்கிற மனிதர்களை நான் அன்று முதல் நம்புவதில்லை.

ஓனர் என்னைப் பார்த்தார். முகத்தில் முதலாளியை வரவேற்ற அதே புன்னகை. ஆனால் தமிழுக்கு மாறினார்.

"நீ எந்த ஊருப்பா?"

"வரதய்யபாளையம் பக்கம் சார்."

"அதான பாத்தேன். நான் நகரி. அஞ்சாங் கிளாஸ்ல இருந்து எங்கம்மாவுக்கு இப்படித்தான் கடுதாசி எழுதிக்கினு கீறேன். இந்த எழுத்த நாலு பேரு முன்னாடி நெட்ல பாப்பேன்னு நெனைக்கல."

முதலாளி ஆர்வமாக என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

"ஊர் கேட்கிறார் சார்" என்றேன் தெலுங்கில்.

ஓனர் புன்னகை மாறாமல் பிரிண்ட்டைத் தட்டினார். "மீசை பொட்டிக்கு வெளிய போவுதா?"

"பொட்டிதான் சின்னது சார்."

"கொறைக்கணும்னு எழுதி வெச்சிக் கீற."

"ரெண்டு வழி எழுதினேன் சார். பொட்டியப் பெருசாக்கறது ரெண்டாவது வழி."

"எங்க வூட்ல பாத்துட்டு இன்னா சிரிப்பு தெரியுமா? எம் பொண்டாட்டி இருபது வருசமா சொல்லிக்கினு கீறாளாம், இப்ப நெட்லயே போட்டுட்டாங்களாம்."

அதற்குள் முதலாளி பிரிண்ட்டை எட்டிப் பார்த்துவிட்டார். எழுத்தை அடையாளம் கண்டுகொண்டார். "இது அந்த டெக்னிக்கல் இன்ஸ்ட்ரக்‌ஷன் அல்லவா? இது எப்படிப் பக்கத்தில் வந்தது?" என் பக்கம் திரும்பி, "சு-டு-தண்-ணி... ஏமிட்டய்யா இது? சார், இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று ஓனரையே கேட்டார்.

நான் நீல சட்டையைப் போட்டுக்கொண்டு, கேட்டில் நின்று, முதல் லாரியின் நம்பரை எழுத ஆரம்பித்துவிட்டேன்.

ஓனர் வாயைத் திறந்தார். பிறகு மூடினார். முதலாளியைப் பார்த்தார், பிரிண்ட்டைப் பார்த்தார். அவர் என்ன யோசித்தார் என்பதை நான் பஸ்ஸில் திரும்பும்போதுதான் முழுதாகப் புரிந்துகொண்டேன். என்னைப் பற்றிப் புகார் சொல்ல வேண்டுமானால் அவர் இந்த மூன்று வரியையும் மொழிபெயர்த்தாக வேண்டும். தன் லாட்ஜில் சுடுதண்ணீர் ஒரு மணி நேரம்தான், அதுவும் சண்டை போட்டால்தான் என்று தன் வாயாலேயே தெலுங்கில் சொல்லியாக வேண்டும். அதுவும், திருப்பதியில் பாதி லாட்ஜ்காரர்களோடு டீ குடிக்கிற ஒரு மனிதரிடம்.

"ஸ்வாகதம்" என்றார் ஓனர்.

"வரவேற்பா?"

"ஆமாம். எங்கள் பார்டர் ஜனங்கள் பேசுவது தமிழ், படித்தது தெலுங்கு. அவர்களுக்கு இப்படி எழுதினால்தான் புரியும். நகரி, புத்தூர், சத்தியவேடு, எல்லாரும் மலைக்கு வருகிறவர்கள்தானே. உங்கள் ஆள் விஷயம் தெரிந்தவர்." பிறகு, அதே இனிமையான முகத்தோடு என்னிடம் தமிழில்: "தொட்டி மேல ஏறினியா?"

"ஏறினேன் சார்."

"கால் கீல் ஒடிஞ்சிருந்தா யாருப்பா பதில் சொல்றது? அறிவு கீதா உனக்கு?"

"சால பாகுந்தி" என்றார் முதலாளி. ரொம்ப நன்றாக இருக்கிறதாம். ஓனர் என்னை மேலும் புகழ்கிறார் என்று நினைத்து அவர் கண் கலங்காத குறை. "அப்படியானால் இது நான்காவது மொழி. திருப்பதியில் நான்கு மொழியில் சைட் செய்கிறவர்கள் நாம் மட்டும்தான்."

ஓனர் மைசூர்பாகு டப்பாவைத் திறந்து முதலாளியிடம் நீட்டினார், அவர் வாய் நிறைந்து பேச முடியாத நேரமாகப் பார்த்து என்னிடம் சொன்னார்: "சுடுதண்ணி காலைல அஞ்சுல இருந்து ஒம்போது வரைக்கும்னு போடு. நான் பாய்லர மாத்திடறேன். மலை விஷயத்த எடுத்துடு. இந்தக் கடுதாசிய வேற எவனுக்கும் படிச்சிக் காட்டாத. இன்னொண்ணு, மீசையத் தொடாத."

"பொட்டியப் பெருசாக்கிடறேன் சார்."

பிறகு தெலுங்கில், முதலாளியிடம்: "இனிமேல் என் சைட்டை இவர் ஒருவர்தான் பார்க்க வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது. ஹைதராபாத் பையன், அந்தப் பையன் இந்தப் பையன் எல்லாம் எனக்கு வேண்டாம்."

இப்படியாக என் வேலை நிரந்தரமானது. திறமையால் அல்ல. இந்த உலகத்தில் எனக்கும் ஒரு லாட்ஜ் ஓனருக்கும் இடையே ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்க முடியாத நிலை ஏற்பட்டதால். பல உத்தியோகங்களின் அடிப்படை இதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

திருப்பதிக்கு வந்ததும் முதல் வேலையாகப் பெங்களூர் எடிட்டரை நீக்கினேன். 'ஏன் எங்களைப் பிரிகிறீர்கள்?' என்று காரணம் கேட்டது. அழகு அதிகம் என்று எழுதினேன். காலிக் கட்டத்தில் சித்தூர்ப் பெண்ணின் எடிட்டரைப் போட்டேன். நான்காவது மொழிக்கு என்று நிஜமாகவே ஒரு வரவேற்புரை எழுத வேண்டியிருந்தது. அதற்குத் தெலுங்கு எழுத்து தெரிய வேண்டும் என்பதால் முதலாளி முதல் நாள் சொன்ன சும்மா எடிட்டர்; அதில் எழுத்து எழுத்தாகவே தெரியும். வரவேற்புரை ஒரே வரியாக வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆகப் பதினோரு நாள் ஆராய்ச்சி செய்து, நான் நிராகரித்த இரண்டையும் தேர்ந்தெடுத்தேன்.

சித்தூர்ப் பெண் கிளம்புகிற வாரம் நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தாள். "ண்ணா, கட்டம் கட்டமா தெரியுதே, பரவால்லியா?"

"அதான்மா நல்லது" என்றேன். குறிப்பு எழுதும் பழக்கத்தை நான் விடவில்லை. எழுதி முடித்ததும் கட்டங்களாகிவிடும். முதலாளிக்குப் புரியாது, நகரிக்காரருக்கும் புரியாது, மறுநாள் எனக்கே புரியாது. இவ்வளவு பாதுகாப்பாக நான் அதற்குப் பிறகு எதையும் எழுதியதில்லை.

அந்த வாரமும் மச்சான் போன் செய்தார்.

"இன்னா மாப்ள, நாற்காலிக்குக் கை கீதான்னு கேட்டியே. கீதாம். எப்ப வர்ற?"

"இல்ல மச்சான். இங்க வேல பர்மனென்ட் ஆயிடுச்சி."

அந்தப் பக்கம் லாரி ஒன்று உறுமிப் போவது கேட்டது.

"அப்படி இன்னா வேல செஞ்ச நீ?"

"ஒருத்தர் மீசைக்குப் பொட்டியப் பெருசாக்கினேன் மச்சான்."

"ம்" என்றார். "தங்கச்சிகிட்ட போனக் குடு."